நாற்பது நிமிட வெந்நீர்

— அப்போ நீயாவே முடிவு பண்ணிட்ட, அப்படித்தானே க்ளெண்டா?

— நான் ஒரு முடிவும் பண்ணல. அலமாரியைக் காலி பண்ணேன், அவ்வளவுதான்.

— அது வெறும் அலமாரியா? வெந்நீர் டேங்க் இருக்கிற சூட்டு அலமாரி. நாப்பது வருஷமா வீட்டுத் துண்டு, விரிப்பு எல்லாம் அந்தச் சூட்டுலதான் காயுது. இன்னைக்குக் காலையில திறந்து பாக்கறேன், என்னோட ரெண்டு துண்டும் நாலு பனியனும் மட்டும் திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளைங்க மாதிரி உக்காந்திருக்கு. மிச்சமெல்லாம் எங்க?

— எடுத்து வச்சுட்டேன். ரெண்டு மணிக்கு அந்த பாய்லர் மெக்கானிக் தாஹிர் வர்றாரு. காம்பி பாய்லர்னு முடிவானா டேங்கைக் கழட்டணும். என் உள்ளாடையை ஒரு அந்நிய ஆம்பளை ஒவ்வொண்ணா மடிச்சு வெளிய வைக்கணுமா?

— முடிவானா. உன் வாயாலேயே சொல்ற பாரு, முடிவானா. இன்னும் ஆகல. எனக்கு வேணுங்கறது பழைய முறை. அடுக்களையில பாய்லர், மாடியில டேங்க், பரண்ல பச்சைத்தண்ணித் தொட்டி. மூணும் மூணு இடத்துல இருக்கும். ஒண்ணு படுத்துக்கிட்டா இன்னொண்ணு தாங்கும். செவ்வாய்க்கிழமை அந்த ஆள் பாய்லர் மேல 'பயன்படுத்தாதே'ன்னு சிவப்புச் சீட்டு ஒட்டிட்டுப் போனாரு. இன்னைக்குச் சனி. இத்தனை நாளா நீ எந்தத் தண்ணியில பாத்திரம் கழுவற? டேங்குக்குள்ள நான் வச்சிருக்கிற மின்சார ஹீட்டர் தண்ணியில. காம்பியா இருந்திருந்தா பாய்லரோட சேர்த்து வெந்நீரும் செத்திருக்கும். நான் சும்மா சொல்லல.

— ஆமா, நல்லா வாழறோம். நவம்பர் மாசம், அறையைச் சூடாக்கற ரேடியேட்டர் ஒண்ணுகூடச் சுடல, அடுக்களையில கோட்டை மாட்டிக்கிட்டு நிக்கிறேன். கண்ணு தெரியுதா?

— தெரியுது. வெளிய போற கோட்டு. வீட்டுக்குள்ள போட வேற இல்லையா?

— இதுதான் கைக்குக் கிடைச்சது.

— சரி, காம்பி காம்பிங்கறியே, அதுல என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?

— தெரியும். செவுத்துல ஒரு பெட்டி. குழாயைத் திறந்தா சுடுதண்ணி வரும், மூடினா நிக்கும். டேங்க் கிடையாது, தொட்டி கிடையாது, காத்திருக்கிறது கிடையாது. முக்கியமா, எவனோட அனுமதியும் கிடையாது.

— அங்கதான் நீ ஏமாறுற. அது தெருக்குழாய்த் தண்ணியை அப்பப்ப சூடாக்கித் தரும். தெருக்குழாய் நம்ம ஒருத்தர் சொத்தா? இந்த வரிசை வீடு கட்டின காலத்துல ரெண்டு ரெண்டு வீட்டுக்கு ஒரே குழாய்தான் போட்டான். பக்கத்து வீட்டு சட்க்ளிஃப் கக்கூஸ்ல சங்கிலி இழுத்தா நம்ம தலையில சுடுதண்ணி நின்னுடும். நாம குளிக்கிறதுக்கு அந்த மனுஷன் வயித்தைக் கேட்டுக்கிட்டு இருக்கணும்.

— இப்ப அலமாரிக் கதவுல நீ குத்தி வச்ச நேர அட்டையைக் கேட்டுக்கிட்டு இருக்கோம். சட்க்ளிஃப் வயிறு எவ்வளவோ தேவலை.

— அட்டைன்னு இளக்காரமா சொல்லாத. முறைன்னு ஒண்ணு இருக்கு.

— இருக்கு, இருக்கு. எனக்கு அது மனப்பாடம். கேக்கறியா? காலையில ஆறரையிலிருந்து ஏழு பத்து வரைக்கும், சாயங்காலம் ஏழிலிருந்து ஏழு நாப்பது வரைக்கும் தண்ணி சூடாகும். நாப்பது நிமிஷம், அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது. திங்கள், வியாழன் க்ளெண்டா. செவ்வாய், வெள்ளி ராய்ஸ்டன். புதன் துணி. சனி நம்ம பொண்ணு லியான், அவ இங்க இருந்த வரைக்கும். ஞாயித்துக்கிழமை டேங்குக்கு ஓய்வு. கடவுள்கூட ஞாயித்துக்கிழமை தனக்குத்தான் ஓய்வு எடுத்துக்கிட்டாரு. நீ டேங்குக்குக் குடுத்த.

— அதனாலதான் அந்த டேங்க் எண்பத்தி நாலுலயிருந்து ஓடுது.

— நான் எண்பத்தி ரெண்டுலயிருந்து ஓடறேன். எனக்கு எந்தக் கிழமை ஓய்வுன்னு அட்டையில பாத்ததில்ல.

— பேச்சை மாத்தாத.

— மாத்தல. சரி, உன் பழைய முறைக்கே வருவோம். பரண்ல இருக்கிற தொட்டிக்கு மிதவைக் குண்டு மாட்டிக்கும், தண்ணி வழியும், நீ ஏறிப் போவ. குளிர் காலத்துல குழாய் உறையும், நீ ஏறிப் போவ. ஒண்ணுமே ஆகலேன்னா, ஒண்ணுமே ஆகலையேன்னு பாக்க ஏறிப் போவ. அறுபத்தொம்பது வயசு உனக்கு. இடது முட்டி மடங்க மாட்டேங்குது. கீழ ஏணியை யாரு பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?

— நீதான். அதுக்கென்ன இப்ப? அஞ்சு நிமிஷ வேலை.

— போன மார்ச் மாசம் ஏணி வழுக்கிச்சு. என் தோள்ல விழுந்த. நான் அங்க இல்லேன்னா நீ கைப்பிடிச் சுவத்துல மண்டையை மோதியிருப்ப.

— ஆனா நீ அங்க இருந்த.

— இருந்தேன். இனிமே எப்பவும் நான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டே நிக்க முடியுமா, ராய்ஸ்டன்? சுவத்துல ஒரு பெட்டி, ஒரே ஒரு பொத்தான். ஏற வேண்டாம், இறங்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து பாத்துட்டுப் போவான். சின்னப் பிள்ளைகூட அதை ஓட்டிக்கும். நீயும் ஓட்டிக்குவ.

— எனக்கு ஓட்டத் தெரியாதுங்கற மாதிரி பேசற. பஸ் டிப்போவுல முப்பத்தோரு வருஷம் இன்ஜின் பிரிச்சு மாட்டினவன் நான்.

— இன்ஜினைப் பிரிச்சு மாட்டினவன் வீட்டுல, மின்சார ஹீட்டர் சுவிட்சுக்கு மரப்பெட்டி செஞ்சு பூட்டு போட்ட. அந்தச் சாவியை இன்னைக்கும் இடுப்புல மாட்டிக்கிட்டுத் திரியற. ஊர்ல யார் வீட்டுலயாவது சுடுதண்ணிக்குப் பூட்டு உண்டா?

— ஹீட்டரைப் போட்டுட்டு மறந்தா மீட்டர் ராட்டினம் மாதிரி சுத்தும். எங்க அப்பா வீட்டுல ஒரு தடவை யாரோ மறந்துட்டு ஒரு வாரம் கடற்கரைக்குப் போயிட்டாங்க. வந்தப்ப டேங்க் கொதிச்சு, பரண்ல ஆவி.

— தெரியும். அந்த ஆவிக் கதையைக் கல்யாணத்து அன்னைக்கே எனக்குச் சொன்ன. கேக் வெட்டும்போது.

— சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பூட்டு போட்டதுக்கு வேற காரணம் இருந்துச்சு, அது உனக்கும் தெரியும்.

— லியான்.

— அவதான் விதியை மீறினா.

— விதி. பதினாறு வயசுப் பொண்ணு. பிப்ரவரி மாசம். வங்கியில வேலைக்கு நேர்காணல். தலைக்கு ஷாம்பு போட்டுக்கிட்டு நிக்கிறா. நீ குளியலறைக் கதவுக்கு வெளிய, கையில கடிகாரம். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, இது என் தண்ணின்னு சத்தம் போட்ட. அவ வரேன்னா. ரெண்டு நிமிஷம்னா. நீ அலமாரியைத் திறந்து சுவிட்சை அணைச்ச. அணைச்சதோட நிக்கல. டேங்க் வாய்க்குழாயையும் திருகி மூடின. அவ அலறின சத்தம் இப்பவும் என் காதுல இருக்கு.

— வேலை கிடைச்சுதுல்ல?

— கிடைச்சது. காது மடல்ல நுரை காய்ஞ்சிருக்க, போய் உக்காந்து பதில் சொன்னா. வேலை கிடைச்சது. முதல் சம்பளம் வாங்கின மாசமே பெட்டியைக் கட்டினா.

— எல்லாப் பிள்ளைகளும் ஒரு நாள் போகும்.

— போகும். திரும்பி வந்து ஒரு ராத்திரி தங்கும். இவ தங்கியிருக்காளா? இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. வருவா, கேக் தின்னுவா, உன்னோட மழையைப் பத்திப் பேசுவா, அஞ்சு மணியானா கோட்டை எடுத்துப்பா. குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு ரவுண்டானா ஓரத்துல இருக்கிற ஓட்டலுக்குப் போவா. ஏண்டி, சொந்த வீடு இருக்கேன்னேன். ஓட்டல்லதாம்மா குளிக்கத் தண்ணி இருக்குன்னா.

— அது சும்மா சாக்கு.

— சாக்கா? ஸ்கார்பரோவுல வீடு வாங்கின அன்னைக்கு எனக்கு ஃபோன் பண்ணா. அம்மா, கேளுன்னா. என்னடி கேக்கறதுன்னேன். பேச்சே இல்ல. ஒரு சத்தம் மட்டும் வருது. புரியல. அப்புறம் புரிஞ்சுது. குழாயைத் திறந்து விட்டுட்டு ஃபோனை அதுக்குப் பக்கத்துல பிடிச்சிருக்கா. சுடுதண்ணிம்மா, இன்னும் வருது பாரு, இன்னும் வருது பாருங்கறா. ரெண்டு நிமிஷம் நான் நின்னு கேட்டேன்.

— ரெண்டு நிமிஷமா? இருபது லிட்டர் போயிருக்கும்.

— அதான் நீ. அவ்வளவையும் கேட்டுட்டு லிட்டர் சொல்ற பாரு. உன்னை எதுல சேக்கறதுன்னே எனக்குத் தெரியல.

— கோபத்துல பேசறவங்களோட நான் கோபத்துல பேச மாட்டேன். உண்மையை வச்சுப் பேசறேன். பழைய முறை தப்புன்னு நீ சொல்ற. எனக்கு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நான் அந்த டேங்குக்குச் சூடு ஆறாம இருக்க ரெண்டாவது ஜாக்கெட் கட்டினேன்ல, சிவப்புல, பஞ்சு வச்சது?

— கட்டின.

— கட்டறதுக்கு முன்னாடி திங்கக்கிழமை ராத்திரி டேங்க் சில்லுனு கிடக்கும். கட்டின வாரத்துலயிருந்து மறுநாள் காலையில கை வச்சாலும் வெதுவெதுன்னு இருக்கும். திங்கள் ராத்திரி தண்ணி, செவ்வாய்க் காலையில அப்படியே இருக்கும். நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். ஒரு தடவை இல்ல, ஒரு மாசம் இல்ல, பதினோரு வருஷம். இதுக்கு என்ன சொல்ற?

— நீ என்ன சொல்ற?

— சூட்டைப் பிடிச்சு வைக்கத் தெரிஞ்சவனுக்குப் பழைய முறையை மிஞ்சினது கிடையாதுன்னு சொல்றேன். கிளப்புல எல்லார்கிட்டயும் சொன்னேன். சட்க்ளிஃப் என் பேச்சைக் கேட்டு அதே ஜாக்கெட்டை வாங்கிக் கட்டினான். எனக்கு ஒரு மாத்தமும் தெரியலையேன்னான். நீ கட்டின லட்சணம் அப்படின்னு திட்டி, நானே போய் அவுத்துக் கட்டி விட்டேன்.

— அப்புறமாவது அவருக்கு மாத்தம் தெரிஞ்சுதா?

— இல்ல. அவன் டேங்க் மட்டம்.

— ராய்ஸ்டன், நான் நீச்சல் குளத்துல சீட்டுக் குடுக்கிற வேலைக்குப் போனது எப்போ?

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— எப்போ?

— லியானுக்கு முதல் பிள்ளை பிறந்த வருஷம். பதினோரு வருஷம் இருக்கும்.

— அங்க வேலை செய்யறவங்களுக்குன்னு தனியா ஒரு குளியலறை இருக்கு. தகரக் கதவு, ஒரு பழைய பிளாஸ்டிக் ஸ்டூல், கதவுல ஒரு கொக்கி. ஷவரைத் திருகினா தண்ணி சுடச்சுட வரும். வெளிய கடிகாரத்தோட ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. முதல் நாள் அதுக்கு அடியில உக்காந்து அழுதேன். மறுநாள் பாடினேன். அன்னையிலிருந்து இன்னை வரைக்கும் உன் டேங்குல நான் ஒரு தடவை குளிச்சது கிடையாது.

— திங்கள், வியாழன்?

— திங்கள் இல்ல, வியாழன் இல்ல, எந்தக் கிழமையும் இல்ல.

— குளியலறையில தண்ணிச் சத்தம் கேக்குமே. நான் கீழ உக்காந்து கேட்டிருக்கேன்.

— பச்சைத்தண்ணிக் குழாய். திறந்து விட்டுட்டு, குளியல் தொட்டி ஓரத்துல உக்காந்து ஏதாவது படிப்பேன். சத்தம் ஒண்ணுதானே.

— அப்போ ஜாக்கெட்டு?

— ஜாக்கெட்டு ஒண்ணும் பண்ணல. நான் குளிக்கல, தண்ணி மிஞ்சிச்சு. அவ்வளவுதான் உன் பதினோரு வருஷ நோட்டு.

— ஏன் எங்கிட்ட சொல்லல?

— சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? மனசு வருந்தி என்னைக் குளிக்கக் கூப்பிட்டிருப்பியா? என் நாப்பது நிமிஷத்தை உன் பேருக்கு மாத்தி எழுதியிருப்ப.

— அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

— எழுதியிருப்ப. பென்சிலைச் சீவி, அளவுகோல் வச்சுக் கோடு போட்டு எழுதியிருப்ப.

— நான் அவ்வளவு கேவலமானவனா, க்ளெண்டா?

— கேவலமானவன்னு சொல்லல. கேவலமானவனா இருந்திருந்தா முதல் வருஷமே எனக்குச் சுலபமா இருந்திருக்கும். வாரா வாரம் என் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வைப்ப. குளத்து வேலைக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு மூட்டுல அறுவை ஆனப்ப மூணு வாரம் கஞ்சி வச்சுக் குடுத்த. ஆனா அந்த மூணு வாரமும் அட்டையை மாத்தல. கட்டுப் போட்ட காலோட, திங்கக்கிழமை வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன். கேட்டாத் தந்திருப்ப. தெரியும். என் சொந்த வீட்டுல சுடுதண்ணியைக் கேட்டு வாங்கணுமான்னு எனக்குக் கேக்கத் தோணல.

— வாசல் மணி அடிக்குது.

— எனக்கும் கேக்குது. உன்னை ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இன்னைக்கு இது முடிஞ்சாகணும். திங்கக்கிழமை பாக்கலாம், கிளப்புல விசாரிக்கலாம், யோசிக்கலாம்னு அந்த மனுஷனைத் திருப்பி அனுப்பாத. இன்னைக்கு முடிஞ்சாகணும்.

— அப்படி என்ன அவசரம்?

— போய்க் கதவைத் திற. மழையில நிக்கிறாரு பாவம்.

— வணக்கம் சார். வணக்கம் அம்மா. தாமதத்துக்கு மன்னிக்கணும். குளிர் ஆரம்பிச்சாலே கீத்லி ஊரு முழுக்க பாய்லருக்கு இருமல் வந்துடும். நடையில ரெண்டு பெரிய பெட்டி வழியை மறிச்சுக்கிட்டு நிக்குது, ஓரமா நகத்தட்டுமா?

— வேண்டாம் தாஹிர். அது அப்படியே இருக்கட்டும். பக்கவாட்டுல வாங்க. டீக்குச் சர்க்கரை ரெண்டு கரண்டிதானே?

— ரெண்டுதான் அம்மா. மறக்கவே மாட்டீங்க.

— அந்தப் பெட்டியிலதான் அலமாரிச் சாமானெல்லாம் திணிச்சு வச்சிருக்கியா? கட்டில் மேல அடுக்கி வச்சா ஆகாதா?

— டீ ஆறிடும் தாஹிர், குடிங்க. அவரு கேள்வி கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாரு.

— சார், நான் பொதுவா சொல்றேன், நீங்க கோவிச்சுக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை வந்தப்பவே உங்க குழாயை அளந்தேன். அடுக்களைக் குழாய்க்கு அடியில ஜாடியை வச்சுப் பாத்தேன். நிமிஷத்துக்குப் பன்னெண்டு லிட்டர் வருது. பக்கத்து வீட்டுல குழாயைத் திறக்கச் சொல்லி மறுபடி அளந்தேன், ஒம்பது. காம்பிக்கு அது போதும்.

— போதுமா? ஒருத்தன் மேல குளிக்கும்போது இன்னொருத்தன் கீழ பாத்திரம் கழுவினா?

— மேல இருக்கிறவரு கத்துவாரு சார். அது நிஜம்தான். ஒரு நேரத்துல ஒரு குழாய். அதான் காம்பியோட குணம். நீங்க சொல்ற பழைய முறையும் மோசம்னு நான் சொல்ல மாட்டேன். நிறைய பேர் இருக்கிற வீட்டுக்கு அதுதான் சரி. டேங்க்ல இருந்து ரெண்டு மூணு குழாய்க்கு ஒரே சமயத்துல வரும். ஆள் குறைஞ்ச வீட்டுல, ஒருத்தருக்காக ஒரு டேங்க் தண்ணியைச் சுடவச்சுட்டு, அது சும்மா ஆறிப் போறதைப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

— பாத்தியா க்ளெண்டா, அவரே சொல்றாரு. நிறைய பேர் இருக்கிற வீட்டுக்கு டேங்க்.

— கேட்டுச்சு. நிறைய பேர் எங்க இருக்காங்க, பீரோவுக்குள்ளயா?

— அம்மா, சார், இதுக்குப் பெரிய சண்டையே வேண்டாம். எல்லார்கிட்டயும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். வீட்டுல எத்தனை பேர்? பதில் வந்தா எந்த பாய்லர்ங்கறது தானா வந்துடும்.

— ஆறு பேர்.

— ஆறா? ராய்ஸ்டன், உனக்கு என்ன ஆச்சு?

— எனக்கு ஒண்ணும் ஆகல. ஆறு பேருன்னு எழுதுங்க, தாஹிர். நான், இவ, எங்க பொண்ணு லியான், அவ வீட்டுக்காரன் டூகி, ரெண்டு பேரப்பிள்ளைங்க. இருநூத்திப் பத்து லிட்டர் டேங்க் வேணும். இப்ப இருக்கிறது நூத்திப் பதினேழு, அது பத்தாது. பின்பக்க அறையை அளந்துட்டேன். அடுக்குக் கட்டில் ரெண்டு போடலாம், ஜன்னலுக்கு எதிர்ச் சுவத்துல. கிறிஸ்மஸுக்கு அவங்க எல்லாரும் இங்க வந்து தங்கணும்.

— லியான் வர்றேன்னு சொன்னாளா?

— இன்னும் கேக்கல.

— கேக்கல.

— முதல்ல தண்ணி இருக்கணும், அப்புறம்தான் ஆளைக் கூப்பிடணும். முறைன்னு ஒண்ணு இருக்கு. வெறும் வாயால வா வான்னா அவ நம்புவாளா? டேங்க் வந்து, தண்ணி சுட்டு, குழாயைத் திறந்து, ஃபோனை அதுக்குப் பக்கத்துல பிடிக்கலாம்னு இருந்தேன். அவ உனக்குப் பண்ண மாதிரி. நீ சொல்றதுக்கு முன்னாடியே அந்தக் கதை எனக்குத் தெரியும். அன்னைக்கு நான் மாடிப்படியில உக்காந்திருந்தேன்.

— தெரியும்னா அப்புறம் ஏன் லிட்டர் சொன்ன?

— வேற என்ன சொல்றதுன்னு தெரியல. காலையில நான் சூட்டு அலமாரியைத் திறந்தது எதுக்குன்னு நினைச்ச? துண்டு எடுக்கவா? கதவுல குத்தியிருந்த அட்டையைக் கழட்டப் போனேன். இந்தா, சட்டைப் பையிலதான் இருக்கு. கழட்டிட்டுப் பாத்தா உன் சாமான் ஒண்ணுமில்ல. என்னைக் கேக்காமலே டேங்கைத் தூக்கப் போறியேன்னு எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. அதுல ஆரம்பிச்சது இவ்வளவு தூரம் வந்துடுச்சு.

— இவ்வளவையும் மனசுல வச்சுக்கிட்டா காலையிலயிருந்து சட்க்ளிஃப் வயித்தைப் பத்திப் பேசின?

— நீ மட்டும் பதினோரு வருஷம் பச்சைத்தண்ணிச் சத்தம் காட்டலையா?

— அம்மா, கண்ணு கலங்குது, உக்காருங்க. சார், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், நீங்க சொல்றதைப் போடறேன். ஆனா அப்போ இந்தச் சீட்டை மாத்தி எழுதணும். இதுல ஏற்கெனவே வேற எண்ணிக்கை போட்டிருக்கேன். அதை வச்சுத்தான் சின்னக் காம்பின்னு விலை குடுத்தேன்.

— ரெண்டுன்னு போட்டிருப்பீங்க. அடிச்சுட்டு ஆறாக்குங்க.

— ரெண்டு இல்ல சார். வியாழக்கிழமை அம்மா நீச்சல் குளத்துலயிருந்து ஃபோன் பண்ணாங்க. எத்தனை பேர்னு கேட்டேன். அவங்க சொன்னது சரியா காதுல விழலையோன்னு இன்னொரு தடவையும் கேட்டேன். அதையேதான் சொன்னாங்க. ஒண்ணு.

— ஒண்ணா? பாத்தியா, கோபத்துல உனக்கு எண்ணக்கூடத் தெரியல. நாம ரெண்டு பேர் இருக்கோமே, க்ளெண்டா.

— எனக்கு நல்லா எண்ணத் தெரியும், ராய்ஸ்டன். ஒண்ணுன்னே இருக்கட்டும் தாஹிர், சின்னதையே மாட்டுங்க. பரண்ல தொட்டி வேண்டாம், இனிமே இந்த வீட்டுல ஏணி பிடிக்க ஆள் இல்ல.